கழுத்துத் துண்டு எங்கே போனது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாகக் கடையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "குழம்புக்கு மீன் தலை வாங்கினால் பின்பக்கம் கொழுத்த சதை ஒன்று ஒட்டிக்கொண்டு வருமே, இப்போது அது காணோமே?" என்று கேட்கிறீர்கள். கேட்பது நியாயம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறோம்.

அந்தச் சதையைத்தான் இப்போது தனியாக வெட்டி, 'கழுத்துத் துண்டு' என்று தட்டில் வைக்கிறோம். தீயில் சுடுவதற்கு மீனில் அதைவிடச் சிறந்த பாகம் இல்லை என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். குழம்பில் போட்டால் அதன் கொழுப்பு புளியோடு கரைந்து போகிறது. குழம்புக்கு ருசி சேர்கிறது, துண்டுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அதற்குப் பின்னால், பக்கத் துடுப்பு முளைக்கும் இடத்தில், தடித்த எலும்பு ஒன்று வில்லாக வளைந்து வயிறு வரை இறங்கும். அந்த எலும்பும், துடுப்பும், துடுப்பை அசைக்கும் சதையும், அடிவயிற்றின் முன் நுனியும் சேர்ந்ததுதான் கழுத்துத் துண்டு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மீன் எவ்வளவு பெரிதானாலும் இரண்டுக்கு மேல் கிடைக்காது. வழக்கமாக மீன் வெட்டுபவர் செவுளுக்குப் பின்னால் கத்தியை நேராக இறக்குவார். அப்போது இந்தப் பாகம் பிளந்து பாதி தலையோடும் பாதி முதல் துண்டோடும் போய்விடும். எலும்பைத் தொடர்ந்து கத்தியை வளைத்து இறக்கினால்தான் முழுதாக வரும். நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். எங்கள் பையன்கள் இப்போது அதில் நன்றாகத் தேறிவிட்டார்கள்.

விலை பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். முழு மீன் வாங்குபவருக்குக் கழுத்துத் துண்டும் அவருடையதே; தனிக் காசு கிடையாது. துண்டு மீன் வாங்குபவர்கள் இதை மட்டும் கேட்டால், அதே மீனின் நடுத்துண்டு விலையில் பாதி. எடையில் எலும்பு கணிசமாக இருப்பதால் முழு விலை வாங்குவது முறையாகாது. சதை குறைந்த தலைக்கும் விலையைக் குறைத்திருக்கிறோம். பழையபடி சதையோடு கூடிய தலைதான் வேண்டும் என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அப்படியே தருகிறோம்.

எல்லா மீனிலும் இந்தத் துண்டு ஒரே மாதிரி அமைவதில்லை. கொடுவா, பாறை, சங்கரா, கலவா, கடல் விரால் ஆகியவற்றில் சதை நிறைந்து வரும். சுடுவதற்கு எங்கள் முதல் தேர்வு கொடுவா: தோல் தடிமன், கொழுப்பு அளவானது, தீ சற்று முன்பின்னானாலும் உலராது. வஞ்சிரத்தின் நடுத்துண்டுக்கு நிகரில்லை. ஆனால் அதன் கழுத்து மெலிந்தது, அதற்காக வஞ்சிரம் வாங்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும். அந்த நாட்களில் பெரிய கடல் மீன் வரத்துக் குறையும், விலை ஏறும். அப்போது மேட்டூர் அணைக் கட்லாவைக் கேளுங்கள். கட்லாவின் தலை உடம்புக்கு மிஞ்சிய பெரிய தலை. அதற்கேற்பக் கழுத்தும் பெரிது. நடுத்துண்டில் குழந்தைகளைப் பயமுறுத்தும் கவட்டை முட்கள் இங்கே குறைவு. அணை மீனில் சில சமயம் மண் வாடை இருக்கும். நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளால் வருவது அது. புளிப்பு பட்டால் சிதையும். நீர்க்கப் புளி கரைத்து, அதில் துண்டைப் பத்து நிமிடம் போட்டுக் கழுவினால் வாடை பெருமளவு அடங்கிவிடும்.

இனி சத்து. இந்தத் துண்டை வாங்குபவர்களில் பாதிப் பேராவது "இது உடம்புக்கு நல்லதா?" என்று கேட்கிறார்கள். பொதுவாக மீன் சதையில் 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம் வரை புரதம் உண்டு. கழுத்துத் துண்டும் இதையொட்டியே இருக்கும். வேறுபாடு கொழுப்பில்தான். அடிவயிற்றை ஒட்டிய பாகம் என்பதால் நடுத்துண்டைவிட இதில் கொழுப்பு கூடுதல். கடல் மீனின் கொழுப்பில்தான் மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய ஒமேகா-3 அமிலங்கள் இருக்கின்றன. உணவில் அரிதாகக் கிடைக்கும் வைட்டமின் டியும் மீன் கொழுப்பில் கலந்து வருகிறது. பி12, செலினியம், அயோடின் ஆகியவையும் மீனில் உண்டு. வாரம் இரு வேளை மீன் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. ஒரு வேளைக்கு அவர்கள் சொல்லும் அளவு சமைத்த மீன் 85 கிராம்தான். எலும்பு நீக்கிப் பார்த்தால் நடுத்தரமான ஒரு கழுத்துத் துண்டு ஏறக்குறைய அதற்குச் சரியாக இருக்கும்.

அதே சமயம், ஒமேகா-3 ஒன்றே உங்கள் குறி என்றால் மத்தி வாங்குங்கள். மலிவு, சத்தும் அதிகம். கழுத்துத் துண்டு ருசிக்காக. தோலிலும் எலும்பைச் சுற்றியும் இருக்கும் கொலாஜன் முகத்தைப் பளபளப்பாக்கும் என்று படித்துவிட்டுச் சிலர் வருகிறீர்கள். வயிற்றுக்குள் போன கொலாஜன் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துச் சிறு துணுக்குகளாகிவிடும். அது நேரே முகத்துக்குப் போய்ச் சேராது. அந்தக் காரணத்தைச் சொல்லி நாங்கள் ஒரு துண்டுகூட விற்க மாட்டோம். சுட்ட பிறகு விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அந்தச் சுகத்துக்குக் காரணம் கொலாஜன்தான். அது போதும்.

கர்ப்பிணிப் பெண்களும் சிறு குழந்தைகளும் பெரிய வேட்டை மீன்களை அளவோடு சாப்பிடுவது நல்லது. சிறு மீனைத் தின்று வளரும் பெரிய மீனின் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். சுறா, பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் ஆகியவை இந்த வகை. அவர்களுக்குச் சங்கரா கொடுங்கள். யூரிக் அமிலத் தொல்லை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சமையலுக்கு வருவோம். உண்மையில் இதைச் சொல்லத்தான் இந்த மடலே.

கழுத்துத் துண்டு செவுளுக்கும் குடலுக்கும் அண்டை வீட்டுக்காரன். மீன் கெடத் தொடங்கும் இடமும் அதுதான். அதனால் அன்றைக்கு ஐஸில் வந்து, செவுள் சிவப்பாக இருக்கும் மீனில் மட்டுமே இதை வெட்டுகிறோம். வீட்டுக்குப் போனதும் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கருஞ்சிவப்பாக உறைந்த இரத்தமோ மெல்லிய சவ்வோ இருந்தால் விரலால் வழித்துக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். துடுப்பின் அடியில் செதில் மறைந்திருக்கும். கத்தி முனையால் சுரண்டுங்கள். பிறகு ஈரம் போக நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு தீயில் வைத்தால் மீன் வேகும், சுடப்படாது.

அடுத்தது உப்பு. ஒரு கிலோ துண்டுக்கு 15 கிராம், அதாவது தலை தட்டிய சிறு கரண்டியால் மூன்று. இரு பக்கமும் தடவி, மூடாமல் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். உப்பு மேல்நீரை இழுத்து வெளியே கொண்டுவரும்; அதை ஒற்றியெடுத்தால் சதை இறுகி, தோல் மொறுமொறுப்பாக வரும். ஜப்பானியர்கள் இந்தத் துண்டைக் 'காமா' என்கிறார்கள். பெரும்பாலும் வெறும் உப்பு தடவிச் சுட்டு, துருவிய வெள்ளை முள்ளங்கியும் எலுமிச்சையும் வைத்துச் சாப்பிடுவார்கள். முதல் முறை நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். முள்ளங்கிக்கு எங்கும் அலைய வேண்டாம், சூரமங்கலம் உழவர் சந்தையில் கிடைக்கும். மீனின் ருசி என்ன, மசாலாவின் ருசி என்ன என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

மசாலா இல்லாமல் இறங்காது என்பவர்களுக்கு எங்கள் வீட்டுப் பக்குவம் இது. ஏற்காட்டு மிளகை வாணலியில் லேசாக வாட்டிக் கொரகொரப்பாக இடித்து, பூண்டு, இஞ்சி, மஞ்சள் தூள், இரண்டு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துக் குழைத்துத் தடவுங்கள். காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் ஏறிப் படரும் அந்த மிளகு நம் மலையிலேயே விளைவது. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய பொட்டலத் தூளைப் போட வேண்டாம். மிளகாய்த் தூளை மட்டும் குறையுங்கள். நேர்த் தீயில் அது சீக்கிரம் கருகிக் கசக்கும். எலுமிச்சைச் சாற்றை ஊறப்போடும்போது ஊற்றாதீர்கள். புளிப்பில் ரொம்ப நேரம் கிடந்த மீன் வெளுத்து, சதை மாவாகிவிடும். இறக்கிய பிறகு பிழிவதே சரி.

கரி எதுவானாலும் பரவாயில்லை, கொட்டாங்குச்சிக் கரி என்றால் வெகு நல்லது. சுடர் அடங்கி, கரி மேல் வெண்சாம்பல் படரும் வரை பொறுங்கள். கம்பி வலையின் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டினால் நான்கைந்து விநாடி தாங்க வேண்டும். அதுதான் பதமான சூடு. கரியை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறு பக்கத்தைக் காலியாக விடுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் துண்டை அந்தப் பக்கம் நகர்த்திவிடலாம். துடுப்பு மெல்லியது, முதலில் கருகும். நனைத்த வாழையிலைக் கீற்றைச் சுற்றிவிட்டால் தப்பும்.

வலையில் எண்ணெய் தொட்டுத் தடவி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். வைத்த பின் தொடாதீர்கள். தோல் வெந்து இறுகியதும் தானாகவே வலையை விட்டுப் பிரியும். அதற்கு முன் புரட்டினால் தோல் வலைக்கு, சதை தட்டுக்கு என்றாகிவிடும். கால் கிலோ எடையுள்ள துண்டுக்குத் தோல் பக்கம் எட்டு நிமிடம், உள்பக்கம் நான்கைந்து நிமிடம். எலும்பை ஒட்டிய சதை கண்ணாடித் தன்மை போய் வெண்மையாகி, விரல் பட்டால் ஏடு ஏடாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுச்சதையில் 63 டிகிரி பாருங்கள். கருகிய இடம் இருந்தால் சுரண்டி எறியுங்கள். அதை ருசி என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம், உடம்புக்கு ஆகாது.

கரியடுப்பு இல்லையென்றால் மின் அடுப்பில் (ஓவனில்) 220 டிகிரியில் கம்பித் தட்டின் மேல் வைத்தால் பதினைந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இரும்பு தோசைக்கல்லிலும் செய்யலாம்; தோல் பக்கத்தை மூடி போடாமல் முறுக விட்டு, புரட்டிய பின் மூடி போடுங்கள். புகை மணம் வராது, மற்றது எல்லாம் வரும்.

சாப்பிடும்போது கரண்டியை ஒதுக்கிவிடுங்கள். துடுப்பைப் பிடித்து மெல்லத் திருகினால் வளைந்த எலும்பு சதையை விட்டுக் கழலும். துடுப்பின் வேரில் ஒரு குழி இருக்கிறது. அதற்குள் இருக்கும் உருண்டைச் சதையை விட்டுவிடாதீர்கள். முள் பெரிதாக, கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால் முதியவர்கள் இதைச் சிரமமில்லாமல் சாப்பிடுகிறார்கள். குழந்தைகளுக்கு நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

வார இறுதியில் ஏற்காடு போகிறவர்கள் பலர் மசாலா தடவிக் கட்டித் தரச் சொல்கிறீர்கள். உப்பு மட்டும் தடவி, ஐஸ் பெட்டியில் வைத்துத் தருகிறோம். மசாலாவைத் தனிப் பொட்டலமாகத் தருவோம், மேலே போய்த் தடவிக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, இடையில் நின்று படம் எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் கரைந்துவிடக் கூடாது. சூரை, அயிலை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்புகள் வரும். எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் அது அழியாது. அதனால் மலைக்குக் கொண்டுபோக அந்த மீன்களை நாங்கள் தருவதில்லை. வற்புறுத்த வேண்டாம். தங்கும் விடுதியில் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் அடுப்பு மூட்டுங்கள். சாலையோரக் காட்டில் தீ மூட்டுவது குற்றம். கோடையில் சேர்வராயன் சரிவில் காய்ந்த புல் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

ஒரு மீனுக்கு இரண்டே துண்டு என்பதால் முன்பதிவு செய்தால் நல்லது. ஞாயிறன்று வேண்டுமானால் சனிக்கிழமை மாலைக்குள் கடைக்கு வந்தோ தொலைபேசியிலோ சொல்லிவிடுங்கள். எந்த மீன், எத்தனை துண்டு, சுடவா குழம்புக்கா என்ற மூன்றும் தெரிந்தால் போதும். சுடுவதற்கென்று சொன்னால் தோலை உரிக்காமல் வெட்டித் தருவோம்.

இப்படிக்கு,
உங்கள் மீன் கடையினர்,
சூரமங்கலம், சேலம்.