பைபிளின் முதல் பக்கம்

பாளையங்கோட்டை

அன்புள்ள தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வேலை முடிந்து வந்தவள் வாசல்படியில் உட்கார்ந்து அப்படியே படித்தேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மறுபடி படித்தேன். ஹாஸ்டலில் ஒரே வாளியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட நமக்கு இந்தப் பாடும் ஒரே மாதிரி வர வேண்டுமா என்று ஆண்டவரிடம் கேட்டேன்.

இங்கே அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. ஞாயிற்றுக்கிழமை ஊசிக்கோபுரம் சர்ச்சுக்கு ஆட்டோவில் கூட்டிப் போகிறேன். மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இந்த வருஷம் திடப்படுத்தல் எடுத்து, ஞானஸ்நானத்தில் நாம் சொன்னதைத் தன் வாயாலேயே உறுதி சொல்லப்போகிறாள். அதை ஒட்டி நம் வீட்டில் ஒன்று நடந்தது. கடைசியில் சொல்கிறேன்.

"வீட்டுக்காரரை மன்னித்துவிட்டுத் திரும்பப் போ என்று சபைப் போதகர் ஐயர் சொல்கிறார், ஐயரம்மா சொல்கிறார், கூடப்பிறந்த அண்ணனே சொல்கிறான். போகாவிட்டால் நான் என்ன கிறிஸ்தவள்?" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை.

என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். முதல் தடவை என் வீட்டுக்காரர் கை நீட்டியபோது, பெரியவர்கள் கூடி ஜெபம் பண்ணி அனுப்பினார்கள், போனேன். இரண்டாவது தடவையும் அதே ஜெபம், அதே காபி, போனேன். மூன்றாவது தடவை காது ஜவ்வு கிழிந்தது. இன்றைக்கும் இடது பக்கம் நின்று யாராவது கூப்பிட்டால் எனக்குச் சரியாகக் கேட்காது. ஜெபம் பண்ணினதைக் குறை சொல்லவில்லை. அந்த இரண்டு தடவையும் என்னிடம் மன்னிக்கிறாயா என்று கேட்டவர்கள், அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

யோசேப்பின் கதையை மறுபடி எடுத்து வாசி. ஆதியாகமம் 41லிருந்து 45 வரை, ஒரே மூச்சில். ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொன்னதெல்லாம் பலவருண அங்கியும், கடைசியில் கட்டிப்பிடித்து அழுததும்தான். நடுவில் இருப்பதை யாரும் நிறுத்திச் சொல்லவில்லை. மூத்த பிள்ளை பிறந்ததும், என் வருத்தத்தையெல்லாம் தேவன் மறக்கப்பண்ணினார் என்று சொல்லி மனாசே என்று பேரிடுகிறான். மறந்துவிட்டேன் என்று பிள்ளைக்குப் பேரே வைத்தவன், தன்னை விற்ற அண்ணன்மார் எகிப்துக்குத் தானியம் வாங்க வந்து நின்றதும் அவர்களை விட்டு அப்புறம் போய் அழுகிறான். எனக்கு அந்த இடம் எவ்வளவு ஆறுதல் தெரியுமா? மறக்க முடியவில்லையே என்று நான் எத்தனை நாள் குற்றவாளி மாதிரி முழங்காலில் நின்றிருக்கிறேன்.

அப்புறம் என்ன செய்கிறான் பார். உடனே "நான்தான்" என்று சொல்லிவிடவில்லை. நடுவில் ஒரு துபாசியை வைத்துப் பேசுகிறான். அண்ணன் சிமியோனைப் பிடித்து வைக்கிறான். தம்பி பென்யமீன் சாக்கில் வெள்ளிப்பாத்திரத்தைப் போட்டுவிடச் சொல்கிறான். அன்றைக்குத் தம்பியை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. அதே யூதா வந்து, சின்னவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று நிற்கிறான். அதற்குப் பிறகுதான் "நான் யோசேப்பு" என்ற வார்த்தை வருகிறது. யோசேப்பு மனசுக்குள் எந்த நாளில் மன்னித்தான் என்று வேதத்தில் இல்லை. எப்போது அவர்களைப் பக்கத்தில் வரச் சொன்னான் என்பது இருக்கிறது. யூதா மாறிப்போனதைக் கண்ணால் பார்த்த பிறகு.

உன் வீட்டுக்காரர் மாறியிருக்கிறாரா? நாலு பக்கக் கடிதத்தில் அவர் வாயிலிருந்து வந்ததாக ஒரு வார்த்தை இல்லையே. பேசுவதெல்லாம் மற்றவர்கள்தான்.

கோர்ட்டுக்குப் போனது பாவமோ என்று கேட்டிருக்கிறாய். 1999 ஜனவரியில் ஒடிசாவில் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு சின்ன மகன்களையும் ஜீப்போடு கொளுத்தினார்களே. அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னித்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தொழுநோயாளிகளுக்குச் செய்துவந்த ஊழியத்தையும் விடவில்லை. ஆனாலும் வழக்கு வழக்காக நடந்தது, தண்டனை தண்டனையாக வந்தது. அந்த அம்மாவின் மன்னிப்பு செல்லாது என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்றும் சொல்கிறேன். நமக்கான விவாகரத்துச் சட்டம் 1869ல் வந்தது. அந்தச் சட்டப்படி, புருஷன் அடிக்கிறான் என்பதை மட்டும் சொல்லி ஒரு கிறிஸ்தவப் பெண் விடுதலை வாங்க முடியாது. விபசாரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001ல்தான் அதைத் திருத்தினார்கள். நம் அம்மாமார் காலத்தில் எத்தனை பேர் மன்னித்தார்கள், எத்தனை பேர் வழியில்லாமல் இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? உனக்கு வழி இருக்கிறது. பெண்கள் உதவிக்கான 181 என்ற நம்பரையும் போனில் போட்டு வைத்துக்கொள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அப்படியானால் மன்னிக்க வேண்டாம் என்கிறாளா என்று நினைக்காதே. மன்னிக்கத்தான் வேண்டும். மனசுக்குள் அவரோடு சண்டை போட்டே எனக்கு வருஷங்கள் போயின. அரிசி களையும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, நற்கருணைக்கு முழங்கால் போடும்போதுகூட. பதில் பேச அவர் அங்கே இல்லை. சோறுதான் குழைந்துபோகும்.

லெந்து நாட்களில் ஒரு வேதபாடத்தில் கேட்டது. கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிப்புக்கு வரும் கிரேக்கச் சொல்லும், பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டுப் பின்சென்றார்கள் என்பதில் "விட்டு" என்று வரும் சொல்லும் ஒன்றேயாம். எனக்கு உவரிக் கடற்கரை கண்முன் வந்தது. வலை கரையில் கிடக்கிறது. வலை பொய்யில்லை, அதில் இருக்கும் கிழிசலும் பொய்யில்லை. கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது, அவ்வளவுதான்.

எனக்கு அது ஒரே நாளில் வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு மன்னிக்க மனசில்லை" என்று சொன்னதுதான் நான் உண்மையாகப் பண்ணின முதல் ஜெபம். 55ஆம் சங்கீதத்தைப் படித்துப் படித்து அழுதேன். சத்துரு செய்திருந்தால் சகித்திருப்பேன், செய்தது நீயல்லவா என்று தாவீது புலம்புவானே, அது. மனநல டாக்டரிடமும் போனேன், ஆறு மாசம் மாத்திரை போட்டேன். நீயும் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறாய், போய்ப் பார். காதுக்கு மருந்து போட்ட எனக்கு மனசுக்குப் போடுவது விசுவாசக் குறைவாகத் தெரியவில்லை.

இனி மகள் விஷயம். திடப்படுத்தல் பாரத்தில் ஞானஸ்நானத் தேதி கேட்டிருந்தது. சர்டிபிகேட் அந்த வீட்டில் கிடக்கிறது. தேதி இருந்த இன்னொரு இடம், கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த பைபிளின் முதல் பக்கம். கல்யாண நாள், மகள் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், எல்லாம் என் வீட்டுக்காரர் கையெழுத்து. வீட்டை விட்டு வந்த வருஷம் மைதாப் பசை காய்ச்சி அதன்மேல் பழுப்பு அட்டைத் தாளை ஒட்டிவிட்டேன். எட்டு வருஷம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை ராத்திரி ஈரத்துணியை மேலே வைத்து, ஊறினதும் ஸ்கேல் விளிம்பால் மெதுவாக உரித்தேன். நீல மை கொஞ்சம் பரவியிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. "ஞா" எழுதும்போது வாலை நீட்டி இழுப்பார். ஆஸ்பத்திரியில் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு அவர் அழுத அழுகை ஞாபகம் வந்தது. அதுவும் நடந்ததுதானே. அடித்ததும் நடந்தது, அதுவும் நடந்தது.

"அப்பா எழுத்தாம்மா?" என்றாள் மகள்.

"ஆமா. அழகா எழுதுவார்" என்றேன். சொல்லிவிட்டுத்தான் கவனித்தேன், தொண்டை அடைக்கவில்லை. அவள் தேதியைப் பார்த்துப் பாரத்தில் எழுதிக்கொண்டாள். பக்கம் காயட்டும் என்று விரித்தே வைத்துவிட்டுப் படுத்தோம்.

மே மாசம் லீவுக்குப் பிள்ளைகளோடு இங்கே வந்துவிடு. மாடி அறை சும்மாதான் இருக்கிறது. பேராயர் வரும் தேதி இன்னும் சொல்லவில்லை, தெரிந்ததும் போன் பண்ணுகிறேன். என் வலது பக்கம் உட்கார்ந்து பேசு, விடிய விடியக் கேட்கிறேன்.

உன் அன்புத் தோழி