மதியம் ஆனால் பின்தங்கும் துணி சோதனைக் கேமரா: சரிசெய்து தாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்:
உரிமையாளர்,
ஜாப் ஒர்க் நிட்டிங் யூனிட்,
திருப்பூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
துணி சோதனைக் கேமரா தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: நிட்டிங் மிஷினில் பொருத்திய ஏ.ஐ. கேமரா ஓட்டைகளைத் தாமதமாகச் சொல்வதும், பலவற்றைப் பார்க்காமலே விடுவதும் குறித்த புகார்.

ஐயா,

வணக்கம். நானும் என் தம்பியும் நான்கு நிட்டிங் மிஷின் வைத்து, பார்ட்டி தரும் நூலைக் கூலிக்குத் துணியாகப் பின்னித் தரும் ஜாப் ஒர்க் ஓட்டுகிறோம். அதில் இரண்டு மிஷினுக்கு உங்கள் துணி சோதனைக் கேமராவையும், படங்களை அலசி ஓட்டையைக் கண்டுபிடிக்கும் அதன் பிராசஸர் பெட்டியையும் பிப்ரவரியில் வாங்கிப் பொருத்தினோம். துணியில் ஓட்டையோ, கெட்ட ஊசியால் நீளவாக்கில் வரும் ஊசிக் கோடோ விழுந்தால் அந்த நொடியே மிஷினை நிறுத்தும் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னார். உங்கள் விளம்பரத் தாளிலும் ‘ரியல் டைம்’ என்றுதான் இருக்கிறது. அதை நம்பித்தான் கடன் வாங்கி முன்பணம் கட்டினோம்.

மார்ச் பாதி வரைக்கும் நன்றாகவே ஓடியது. வெயில் ஏறியதும் மதிய ஷிப்ட்டில் பிரச்சினை ஆரம்பித்தது. மிஷின் திடீரென நிற்கும். ஆபரேட்டர் அண்ணன் போய்க் கேமராவுக்கு நேராக இருக்கும் துணியைச் சுற்றிலும் பார்ப்பார், உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்ப்பார், கையால் தடவியும் பார்ப்பார். துணி சுத்தமாக இருக்கும். மறுபடி ஓட விடுவார், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் நிற்கும். இதைப் புகாராகச் சொன்னபோது உங்கள் சேவைப் பிரிவு இதற்குத் ‘தவறான எச்சரிக்கை’ என்று பெயர் வைத்து, எங்களைக் கேட்காமலே இணையம் வழியாகக் கேமராவின் உணர்திறனைக் குறைத்துவிட்டு, புகார் முடிந்தது என்று குறுஞ்செய்தியும் அனுப்பிவிட்டது.

அது தவறான எச்சரிக்கை அல்ல. கேமரா சொன்னது உண்மைதான், காலம் கடந்து சொன்னது. நாங்கள் அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். மிஷின் நின்றதும் கேமராவுக்கு நேரே துணியில் சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். ரோல் இறங்கியதும் செக்கிங் மிஷினில் ஏற்றி விரித்துப் பார்த்தோம். கோட்டிலிருந்து ஏறத்தாழ மூன்று மீட்டர் முன்னால், ரோலுக்குள் பல சுற்று உள்ளே, ஓட்டை இருந்தது. அடுத்த கோட்டுக்கும் அப்படியே, அதற்கடுத்ததற்கும் அதே மூன்று மீட்டர். வீடியோ எடுத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். அதனால் எங்கே கோளாறு என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது. உங்கள் இன்ஜினியர்களும் சரிபார்க்கட்டும். எங்கள் மிஷின் 30 இன்ச் விட்டம், 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி), 90 ஃபீடர் (நூல் ஊட்டும் இடம்), 25 ஆர்.பி.எம். ஃபீடருக்கு ஒன்றாக, ஒரு சுற்றுக்கு 90 கண்ணி வரிசை பின்னும். சென்டிமீட்டருக்கு 18 வரிசை என்றால் ஒரு சுற்றுக்கு 5 சென்டிமீட்டர் துணி கீழே இறங்கும். ஆனால் கேமரா முன்னால் துணி சுற்றிக்கொண்டே அல்லவா போகிறது? சுற்றளவு சுமார் 2.4 மீட்டர், நிமிடத்துக்கு 25 சுற்று என்றால், கேமராவைக் கடந்து ஒரு வினாடிக்கு ஒரு மீட்டர் துணி ஓடுகிறது. கேமராவின் பார்வையோ 10 சென்டிமீட்டர் அகலம்தான். இடைவெளி விடாமல் பார்க்க வினாடிக்குக் குறைந்தது 10 படம் வேண்டும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதற்காக நீங்கள் 15 படம் வைத்திருக்கிறீர்கள். அது சரியான எண். கேமராவிலும் நான் குறை சொல்ல மாட்டேன். 24 கேஜில் ஊசிக்கு ஊசி ஒரு மில்லிமீட்டர்தான். இந்த வேகத்தில் ஷட்டர் ஒரு மில்லிசெகண்டு திறந்திருந்தாலே ஒரு கண்ணி அடுத்த கண்ணியோடு கலங்கிப் போகும். நீங்கள் பத்தாயிரத்தில் ஒரு வினாடி வைத்து, கூடவே மின்னும் எல்.இ.டி.யும் கொடுத்திருக்கிறீர்கள். படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வருகிறது. அந்த வேலையைச் செய்தவர் விஷயம் தெரிந்தவர்.

கெட்டது பெட்டியில்தான். நிட்டிங் ஷெட்டில் பஞ்சு பறக்கும் என்பது இந்தத் தொழிலில் கால் வைத்த யாருக்கும் தெரியும். மிஷின் மேலேயே பஞ்சை ஊதித் தள்ள ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்கு, பக்கவாட்டில் காற்றுத் துளை வைத்து உள்ளே சின்ன ஃபேன் ஓடும் பெட்டியைக் கொடுத்திருக்கிறீர்கள். திறந்து பார்த்தோம். ஃபேன் இறக்கைகளிலும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இடுக்குகளிலும் பஞ்சு மெத்தையாக அப்பியிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே மதியம் இருக்கும் சூடும் இதோடு சேர்ந்துகொள்கிறது. உங்கள் பெட்டியின் திரையிலேயே சிப்பின் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டுவது தெரிகிறது. இந்த மாதிரிச் சிப் அப்படிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இங்கே 15 படத்திலிருந்து 6 படத்துக்கு இறங்கிவிடுகிறது. ஏர் கன் வைத்து ஊதினால் கொஞ்சம் தேறுகிறது, அடுத்த ஷிப்ட் முடிவதற்குள் பழையபடி ஆகிவிடுகிறது.

சூட்டில் மெதுவாவதைக்கூட ஒரு கோளாறு என்று பொறுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு உங்கள் மென்பொருள் செய்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேமரா வினாடிக்கு 15 படம் அனுப்புகிறது, பெட்டி 6 பார்க்கிறது, மீதி 9 வரிசையில் காத்திருக்கிறது. அந்த வரிசைக்கு உங்கள் அமைப்புகள் பக்கத்தில் 900 படம் என்று எல்லை போட்டிருக்கிறது. நூறு வினாடியில் அது நிரம்பிவிடும். அதற்கப்புறம் பெட்டி இப்போது பார்க்கும் ஒவ்வொரு படமும் 150 வினாடிக்கு முன் எடுத்தது. இரண்டரை நிமிடத்தில் மிஷின் 62 சுற்றுக்கு மேல் ஓடியிருக்கும். சுற்றுக்கு 5 சென்டிமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், எங்கள் சாக்பீஸ் கோட்டின் மூன்று மீட்டர் அப்படியே வருகிறது. வரிசை நிரம்பியதும், வரும் 15 படத்தில் 9 படத்தை உள்ளே விடாமலே பெட்டி தூக்கி எறிகிறது. ஊசிக் கோடு என்றால் தொடர்ந்து வருவதால் என்றைக்காவது கண்ணில் படும். ஓட்டை ஒரே ஒரு முறைதான் கேமரா முன்னால் வரும். அந்தப் படம் எறிந்த ஒன்பதில் இருந்தால் போனது போனதுதான். இவ்வளவு நடக்கும்போதும் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. பார்க்கிற ஆபரேட்டர் எல்லாம் சரியாக ஓடுகிறது என்றுதானே நினைப்பார்?

இந்த உண்மை தெரியாமல் நீங்கள் உணர்திறனைக் குறைத்ததால், தாமதமாகவாவது பிடித்த ஓட்டைகளையும் இப்போது பெட்டி விடுகிறது.

அடுத்தது கரும் சாம்பல் மெலாஞ்ச் நூல், அதாவது நிறம் ஏற்றிய பஞ்சைக் கலந்து நூற்ற நூல். இது சூட்டுக்குச் சம்பந்தமில்லாத தனிக் குறை. காலையில் பெட்டி குளிர்ந்திருக்கும்போதே மெலாஞ்ச் துணியில் இருக்கும் சிறு ஓட்டைகளைப் பார்க்காமல் விடுகிறது. உங்கள் இன்ஜினியர் தம்பி வந்தபோது ஓட்டையுள்ள துண்டு ஒன்றைக் கொடுத்தேன். தன் லேப்டாப்பில் இருந்த மூல மாடலில், அதாவது ஓட்டையைக் கண்டுபிடிக்கும் ஏ.ஐ. நிரலில், ஓட்டிப் பார்த்தார், எல்லா ஓட்டையையும் பிடித்தது. அதே படங்கள், அதே மாடல், பெட்டியில் ஓட்டினால் பாதிக்கு மேல் தப்பின. பெட்டிக்காக மாடலின் எண்களை 32 பிட்டிலிருந்து 8 பிட்டுக்குச் சுருக்கும்போது அளவு நிர்ணயிக்க எந்தத் துணியின் படங்களைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எல்லாமே சாயம் போடாத வெள்ளைக் ‘கிரே’ துணி என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் நேர்மைக்கு நன்றி. 8 பிட்டில் இருப்பதே 256 படிதான். வெள்ளைத் துணியின் வெளிச்ச வித்தியாசத்துக்கு அந்தப் படிகளைப் பங்கு போட்டுவிட்டால், கருப்புத் துணியின் மெல்லிய வித்தியாசம் ஒன்றிரண்டு படிக்குள் அமுங்கிவிடும். சுருக்குவதைத் தவறென்று சொல்லவில்லை. நினைவகம் நாலில் ஒன்றாகிறது, வேகமும் கூடுகிறது, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மெலாஞ்ச் ஓட்டும் யூனிட்டுக்கு விற்கும்போது மெலாஞ்ச் துணியை வைத்து அளவெடுத்திருக்க வேண்டும்.

சேவைப் பிரிவில் பேசிய அதிகாரி, சிப்பின் டாப்ஸ் எண்ணைச் சொல்லி, இவ்வளவு சக்தியுள்ள பெட்டி பின்தங்க வழியே இல்லை என்றார். டாப்ஸ் ஒன்று என்றால் வினாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு. அது சிப்பால் உச்சத்தில் முடிந்த அளவு, நாள் முழுக்கச் செய்யும் வேலையின் அளவு அல்ல. கணக்குப் போடுவதைவிட, கணக்குக்கான எண்களை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதில்தான் மின்சாரமும் சூடும் அதிகம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் கொடுத்த கணக்கில், 45 நானோமீட்டர் சிப்பில் ஒரு 8 பிட் பெருக்கலுக்கு 0.2 பிகோஜூல்தான் (பிகோஜூல் என்பது மிகச் சிறிய ஆற்றல் அளவு) ஆகிறது. வெளி நினைவகத்திலிருந்து 32 பிட்டைப் படிக்க சுமார் 640 பிகோஜூல். ஆகவே பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணைக் காட்டி எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம். எங்கள் ஷெட்டில், மே மாத மதியத்தில், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டின் கடைசியில் வினாடிக்கு எத்தனை படம் என்று சொல்லுங்கள்.

பெரிய சிப் மாற்றித் தருகிறோம், கூடுதல் பணம் கட்டுங்கள் என்றும் அவர் சொன்னார். அது தேவையில்லை என்பது என் கருத்து. 2001-ல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் இருவரும் 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கணினியில், 384-க்கு 288 அளவுப் படங்களில், வினாடிக்கு 15 படம் வீதம் முகங்களைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். இன்று கையில் இருக்கும் சாதாரண போன் அதைவிடப் பல மடங்கு வேகம். அவர்கள் செய்தது, படத்தின் பெரும்பகுதியை இரண்டு மூன்று எளிய சோதனையிலேயே ‘இங்கே முகம் இல்லை’ என்று கழித்துவிட்டு, சந்தேகமான இடத்துக்கு மட்டும் பெரிய கணக்கைச் செலவழித்தது. துணிக்கு இதைவிடப் பொருத்தமான வழி இருக்கிறதா? ஓடுகிற துணியில் பெரும்பகுதி நல்ல துணி. கண்ணிகள் ஒரே சீராக வரும் இடத்தைச் சின்னக் கணக்கில் தள்ளிவிட்டு, சீர் குலைந்த இடத்தை மட்டும் பெட்டியில் ஓடும் அந்தப் பெரிய மாடலுக்கு (நியூரல் நெட்வொர்க்குக்கு) அனுப்பினால் இதே சிப் சூடாகாமல் ஓடும். சுத்தமான துணியின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் முழுக் கணக்கையும் போட்டு, அதனால் வரும் சூட்டுக்கு எங்களிடம் பணம் கேட்பது நியாயமில்லை.

நஷ்டத்தைச் சொல்கிறேன். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் போன துணியில், சாயப்பட்டறையிலிருந்து வந்த பிறகு ஓட்டைகள் பெரிதாகித் தெரிந்ததால், எங்கள் பார்ட்டி நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக்கூலி எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் கூலியில் பிடிக்கும்படி டெபிட் போட்டுவிட்டார். கிலோவுக்குச் சில ரூபாய் கூலிக்கு ஓட்டும் எங்களுக்கு அது பல மாத உழைப்பு. அதைவிட வருத்தம், இருபது வருடம் கண்ணாலும் கையாலும் துணி பார்த்த ஆபரேட்டர் அண்ணன், கேமரா இருக்கிறதே என்று நம்பி ரோல் சோதனையைக் குறைத்ததற்குப் பார்ட்டியிடம் பேச்சு வாங்கினார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறேன். ஃபேனும் துளையும் இல்லாத, உடலே சூட்டை வெளியேற்றும் மூடிய பெட்டியாக மாற்றித் தர வேண்டும். படங்களின் வரிசையை ஒன்றிரண்டுக்கு மேல் போகாமல் வைத்து, எப்போதும் புதிய படத்தையே பார்க்கும்படி மென்பொருளைத் திருத்த வேண்டும். வேகம் 10 படத்துக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு எரிந்து மிஷின் நிற்க வேண்டும். குறைத்த உணர்திறனைப் பழைய நிலைக்கு வையுங்கள், இனி எங்கள் ஒப்புதல் இல்லாமல் எதையும் மாற்றாதீர்கள். மெலாஞ்ச், நிற நூல் துணிகளின் படங்களை எங்கள் மிஷினிலேயே எடுத்து மாடலுக்கு மறுபடி அளவெடுக்க வேண்டும், துணி நாங்கள் தருகிறோம். ஷெட்டில் 45 டிகிரி இருந்தாலும், முழு ஷிப்ட்டும், படம் எடுத்ததிலிருந்து நிறுத்தச் சொல்லும் வரை அரை வினாடிக்கு மேல் ஆகாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். அரை வினாடி என்றால் ஒரு சென்டிமீட்டர் துணி, அதை நாங்கள் தாங்கிக்கொள்வோம். டெபிட் ஆன தொகையில் உங்கள் பங்கையும் பேசி முடிக்க வேண்டும்.

இவற்றைச் செய்ய முடியாதென்றால் இரண்டு செட்டையும் எடுத்துக்கொண்டு முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், சொந்த உழைப்பில் பிழைப்பவர் வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். நேரில் வருவதானால் மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள், காலையில் வந்தால் பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். செக்கிங் மிஷினையும், சாக்பீஸ் கோடு போட்ட ரோல்களையும் அப்படியே வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
ஜாப் ஒர்க் நிட்டிங் யூனிட்,
திருப்பூர்.