இனிஷியலை விரித்தால் வேறு ஆளா? பதிவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், வழக்கறிஞர் பதிவேடுகளை நடத்தும் கவுன்சில்களின் பதிவாளர்களுக்கும், கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமைப் (பேடண்ட்) பதிவேட்டைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் ஒரு பெயரைத் தட்டி 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தால், வெளிநாட்டில் இருந்து பார்ப்பவர் அதற்கு ஒரே பொருள்தான் கொள்வார்: இந்த ஆள் போலி. என் தங்கைக்கு நடந்தது அதுதான். முறையாகப் படித்து, தேர்வெழுதி, பதிவு பெற்று, பல வருடம் வார்டில் நைட் டியூட்டி பார்த்த நர்ஸ் அவள். வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் வேலை ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. சான்றிதழ் சரிபார்க்கும் நிறுவனம் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை வைத்துப் பதிவேட்டில் தேடியது. அவள் வரவில்லை. பதிவேட்டில் அப்பாவின் இனிஷியலோடு இருக்கிறாள், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரோடு இருக்கிறாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

எந்தக் கவுன்சில் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. வேறு தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் ஊரில் பெயர் எப்படி அமைகிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பலரே இனிஷியலோடுதான் கையெழுத்துப் போடுகிறீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், அதைப் பார்த்து எழுதிய கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல், அதைப் பார்த்து எழுதிய பதிவேட்டில் இனிஷியல். பாஸ்போர்ட்டுக்குப் போனால் இனிஷியல் கூடாது, விரித்து எழுது என்கிறார்கள். அதுவும் அரசாங்கம் சொல்வதுதான். ஆக, ஒரு அரசு அலுவலகத்தின் விதிக்குக் கீழ்ப்படிந்ததால் இன்னொரு அலுவலகத்தின் பதிவேட்டில் இருந்து என் தங்கை காணாமல் போனாள்.

பதிவு அலுவலகத்தில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு பெயரும் ஒரே நபருடையது என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் கேட்டார். கொடுத்தோம். அப்புறம், அது போதாது, அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு வாருங்கள் என்றார்கள். என்ன பெயர் மாற்றம்? அவள் பெயரை மாற்றவே இல்லையே! அந்த அறிவிப்பின் வாசகம் உங்களுக்குத் தெரியும்: இதுவரை இந்தப் பெயரில் அழைக்கப்பட்ட நான், இனி இந்தப் பெயரில் அழைக்கப்படுவேன். பிறந்ததில் இருந்து ஒரே பெயரில் இருப்பவளை, நடக்காத ஒரு மாற்றம் நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். அவள் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ஏன்க்கா பொய் சொல்லணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. போட்டுவிடு என்றுதான் சொன்னேன்.

அதோடு முடியவும் இல்லை. அரசிதழில் வந்தபிறகு அவளுடைய எல்லாச் சான்றிதழ்களும் 'பழைய பெயரில்' இருப்பதாக ஆகிவிட்டது. இனி எந்த மருத்துவமனைக்கு விண்ணப்பித்தாலும் அந்த அரசிதழ் நகலையும் சேர்த்து வைக்க வேண்டும். இதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதிவேட்டில் இல்லாத நர்ஸுக்காக யார் காத்திருப்பார்கள்?

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. பதிவுக்கு அவள் கொடுத்த விண்ணப்பத்தில் 'தந்தை பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை முழுசாக நிரப்பியிருந்தாள். அந்த இனிஷியலின் விரிவு முதல் நாளில் இருந்தே உங்கள் கோப்பில் இருக்கிறது. உங்களிடமே இருக்கும் தகவலை நிரூபிக்க அவளை நோட்டரிக்கும் அரசிதழுக்கும் அலையவிட்டிருக்கிறீர்கள்.

ஆகவே என் கோரிக்கை இது: இனிஷியலோடு உள்ள பெயரும் விரித்த பெயரும் ஒரே பதிவில் சேர்ந்து இருக்கட்டும். இரண்டில் எதைத் தட்டினாலும் அந்த ஆள் கிடைக்கட்டும். இனிஷியலை விரிப்பதைப் பெயர் மாற்றமாகக் கருதாதீர்கள்.

சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது 1914இல். செவிலியர், மகப்பேறு உதவியாளர்களுக்கான சட்டம் 1926இல். அன்றிலிருந்து இந்தப் பதிவேடுகளில் ஏறியவர்களில் பெரும்பாலோர் இனிஷியல் வைத்த நம் ஆட்கள்தானே? புதிதாக வந்த சிக்கல் போல இதைப் பேசுவது நியாயமில்லை. இப்போது எண்களும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் பதிவு எண் இருக்கிறது. செவிலியர்களுக்கு ஆதாரோடு இணைத்த தேசிய அடையாள எண் கொடுக்கிறார்கள். மருத்துவர்களுக்கான தேசியப் பதிவேட்டு இணையதளம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது, அதுவும் ஆதாரோடு இணைந்தது. எண் ஒத்துப்போகும்போது பெயரில் எழுத்து மாறியிருப்பதைக் காட்டி ஆளே இல்லை என்று சொல்லலாமா?

எழுத்து என்றதும் சொல்ல வேண்டும். தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று உங்கள் பதிவேட்டிலேயே பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதுதான் கடைசிவரை. கல்யாணம் ஆன பெண்களுக்கு இன்னும் ஒரு சுமை: ஆதாரில் கணவர் பெயர் ஏறிவிடும், பட்டத்தில் அப்பாவின் இனிஷியல் நிற்கும். இதே கல்லூரியில் படித்த ஆண்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. நர்ஸ் வேலையில் பெண்கள்தான் அதிகம் என்பது கவுன்சிலுக்குத் தெரியாதா?

காப்புரிமை அதிகாரிகளே, உங்களிடமும் இதையேதான் கேட்கிறேன். 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, கண்டுபிடித்தவரின் பெயரைக் காப்புரிமையிலும் பதிவேட்டிலும் குறிப்பிட வழி செய்கிறது. அப்படிக் குறிப்பிடுவதால் அந்தக் காப்புரிமையில் அவருக்கு எந்த உரிமையும் வந்துவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குப் பல நேரம் மிஞ்சுவது அந்தப் பெயர் மட்டும்தான். அதையும் ஒரு காப்புரிமையில் இனிஷியலோடும், இன்னொன்றில் அப்பா பெயரை முன்னே போட்டும், மூன்றாவதில் பின்னே போட்டும் ஏற்றினால், ஒரே ஆள் மூன்று பேராகப் பிரிந்து கிடப்பார். வேலைக்கோ பதவி உயர்வுக்கோ தன் பெயரில் தேடிக் காட்டச் சொன்னால் அவர் எதைக் காட்டுவார்?

உலகமே நம் பெயர்களை இப்படித்தான் குழப்பிக்கொண்டிருக்கிறது. கணிதமேதை ராமானுஜனுக்கு முன்னால் வரும் 'சீனிவாச' அவருடைய அப்பாவின் பெயர். சிதம்பரத்தில் பிறந்து 2009இல் வேதியியலுக்கான நோபல் வாங்கிய வெங்கட்ராமனை உலகம் ராமகிருஷ்ணன் என்று அகர வரிசையில் சேர்த்திருக்கிறது. அது அவர் அப்பாவின் பெயர், அந்த அப்பாவும் ஒரு விஞ்ஞானி. ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குழப்பத்துக்கு 2012லேயே ஒரு வழி கண்டார்கள். ஆளுக்கு ஒன்றாக ஆர்கிட் (ORCID) என்ற பதினாறு இலக்க எண் வந்தது. பெயரை எப்படி எழுதினாலும் ஆள் மாறுவதில்லை. கண்டுபிடிப்பாளருக்கும் அப்படி ஒரு எண்ணைப் படிவத்தில் கேட்டு, பதிவேட்டிலும் தேட வைத்தால் போதும்.

பதிவேடு பொதுவில் இருப்பதை நான் எதிர்க்கவில்லை. போலி டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்கிற ஊரில் அது கட்டாயம் வேண்டும். ஒரு நோயாளிக்குத் தெரிய வேண்டியது பெயர், எண், படிப்பு, பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா, இடைநீக்கம் உண்டா என்பவை. நைட் டியூட்டி முடித்துத் தனியாக வீடு திரும்பும் நர்ஸின் வீட்டு முகவரி பொதுமக்களுக்கு எதற்கு? தேவையில்லாததைக் காட்டுவதும் தேவையானதைத் தேட முடியாமல் வைப்பதும் சேர்ந்தே நடக்கிறது என்பதால் இதையும் சொன்னேன்.

கோபத்தில் சில வார்த்தைகள் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகங்களில் ஆள் குறைவு, கோப்பு அதிகம் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்பதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அடுத்த முறை புதுப்பித்தல் படிவம் தயாரிக்கும்போது 'பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர்' என்று ஒரு கட்டம் சேருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் உங்கள் கோப்பில் உள்ள தந்தை பெயரையும் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பெயரையும் ஒரே பதிவில் காட்டுங்கள். அதுவரைக்கும், தேடியது கிடைக்காதபோது 'பதிவு எதுவும் இல்லை' என்று காட்டாமல், 'இதே எழுத்தில் இல்லை, பதிவு எண்ணைக் கொண்டு தேடவும்' என்றாவது காட்டும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு செவிலியரின் அக்கா,
திருநெல்வேலி