டிவிடியைத் தூக்கிப் போடுவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

"புது டிவியில் பழைய டிவிடியைப் பார்க்கவே முடியவில்லை, ஒரே மங்கல், எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டேன்" என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் மனசு கேட்கவில்லை. போன மாதம் வரை நானும் குற்றம் டிவிடியின் மேல்தான் என்று நம்பியிருந்தேன்.

2006-ல் நடந்த என் தங்கை கல்யாணத்தின் டிவிடி எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா நடமாடுவதும் பேசுவதும் பதிவாகியிருப்பது அதில் மட்டும்தான். அவருடைய திதியன்று 43 அங்குல எல்இடி டிவியில் அதைப் போட்டோம். ஒல்லியான மனிதர், முகம் உப்பிப்போய்த் தெரிந்தார். அம்மாவின் பட்டுப்புடவைச் சரிகையில் பச்சையும் ஊதாவுமாக ஏதோ ஊர்ந்துகொண்டே இருந்தது. "அப்பா மாதிரியே இல்லையேடா" என்றார் அம்மா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே டிவிடியைக் கைக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தேன்.

முதலில் பரணிலிருந்து இறக்கிய 21 அங்குலப் பழைய பெட்டி டிவி. ஆச்சரியம், அப்பா அப்பாவாகவே இருந்தார்! நம் ஊர் டிவிடியில் ஒரு படம் என்பது 720-க்கு 576 புள்ளிகள். பிக்சர் டியூப் அதை வரி வரியாக, வந்தபடியே வரைந்துவிடும். புது டிவியின் திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள். கணக்குப் போட்டால் சரியாக ஐந்து மடங்கு, 4கே டிவி என்றால் இருபது மடங்கு. டிவிடியில் இல்லாத அத்தனை புள்ளிகளையும் பிளேயரோ டிவியோ ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகம் ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு மாதிரி.

ஆனால் எங்கள் வீட்டில் படத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு, பிளேயரையும் டிவியையும் இணைத்திருந்த ஒரு மஞ்சள் வயருக்கு. வெளிச்சம், நிறம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிற வயர் அது. டிவி அதை மறுபடி பிரிக்கும்போது, சரிகை போன்ற பொடிக்கோடுகளை நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. பச்சையும் ஊதாவும் ஊர்ந்தது அதனால்தான். அதே பிளேயரின் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று ஓட்டைகள் இத்தனை வருஷமாகச் சும்மா கிடந்தன. வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்தே அனுப்புகிற ஓட்டைகள் அவை. மஞ்சள் வயரை எடுத்துவிட்டு அங்கே மூன்று வயர்களைச் செருகினேன். ஊர்வது நின்றது, கரையில் இருந்த மயில் மயிலாகத் தெரிந்தது. பிறகு நண்பர் வீட்டு ப்ளூரே பிளேயரை எச்டிஎம்ஐ வயரில் கொடுத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு படி தெளிவு. எச்டிஎம்ஐ-க்கு விலை கூடிய வயர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: ஒழுங்காக வேலை செய்கிற சாதாரண வயரே போதும், விலையால் படம் மாறாது.

அப்பா முகம் உப்பியதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ 4:3 அளவில் (அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு) எடுத்தது, டிவி அதைப் பக்கவாட்டில் இழுத்துத் திரையை நிரப்பியிருந்தது. ரிமோட்டில் 4:3 என்று மாற்றியதும் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது, முகம் சரியானது. அந்தப் பட்டை இருந்தே ஆக வேண்டும், குறை என்று நினைத்து மறுபடி இழுத்துவிடாதீர்கள். சினிமா டிவிடிக்கு இதற்கு நேர்மாறு. பிளேயரின் செட்டப்பில் டிவி வகை 4:3 லெட்டர்பாக்ஸ் (பழைய டிவிக்காக மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடுவது) என்று இருந்தால், அகலத்திரைப் படத்தின் 576 வரிகளை 432 ஆகச் சுருக்கித்தான் அனுப்பும். கால்வாசி போச்சு. அங்கே 16:9 என்று, அதாவது புது டிவியின் அகலத்திரை அளவை, வைக்க வேண்டும். அப்புறம், டிவியில் விவிட் என்ற அமைப்பை விட்டுவிட்டு சினிமா அமைப்புக்கு வாருங்கள், ஷார்ப்னஸைக் குறையுங்கள்.

லேப்டாப்பில் வேறொரு கோளாறு. அட்சதை போட எழும் கைகளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிளந்து தெரிந்தது. ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. அதற்குள் கை நகர்ந்துவிடுகிறது. லேப்டாப்பில் வீடியோ பார்க்கும் விஎல்சி பிளேயர் என்ற மென்பொருளில், இதைச் சரிசெய்கிற டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டதும் பல் மறைந்தது.

எல்லா வட்டும் இப்படித் தேறாது. டிவிடிக்கு முன் வந்த விசிடி வெறும் 352-க்கு 288 புள்ளி. மூன்று சினிமாவை ஒரே டிவிடியில் திணித்தவையும் தேறாது, எந்தப் பிளேயரில் போட்டாலும் கட்டம் கட்டமாக உடையும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கடையில் கொடுத்து டிவிடியைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு அசலைக் குப்பையில் போடுகிறார்கள். பக்கத்து வீட்டில் அப்படி மாற்றி வாங்கியதைப் பார்த்தேன். நாலு ஜிபி வீடியோவை எழுநூறு எம்பிக்குச் சுருக்கி, முகங்களையும் அகலமாக்கித் தந்திருக்கிறார்கள். சுருக்கியதில் போன தெளிவை இனி எந்த டிவியில் போட்டாலும் மீட்க வழியில்லை. டிவிடியில் வீடியோ முழுதும் இருப்பது வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டரில். கடைக்காரரிடம் "வீடியோ டிஎஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிக் கொடுங்கள், கன்வர்ட் செய்ய வேண்டாம்" என்று கேளுங்கள். ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்த டிவிடிகளில் உள்ள சாயம் வருஷம் போகப் போக மங்கும், அதனால் தள்ளிப்போடாமல் இந்த வருஷமே செய்துவிடுங்கள். காப்பி எடுத்த பிறகும் அசல் டிவிடி உறைக்குள் பத்திரமாக, வெயில் படாத இடத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
வாசகர், கும்பகோணம்