முத்துப்பிள்ளை: சுத்தம் செய்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முத்துப்பிள்ளை கர்ப்பம் (கரு சரியாக உருவாகாமல், நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துப்போல் வளர்வது) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அந்தத் திசுவை அகற்றிக் கருப்பையைச் சுத்தம் செய்வதோடு நின்றுவிட்டது. "இன்னும் ஊசி போட வேண்டும்" என்று டாக்டர் சொல்லும்போதுதான் பல குடும்பங்கள் நிலைகுலைந்து போகின்றன.

சுத்தம் செய்தபின் வாரம் ஒருமுறை ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. (அந்தத் திசு சுரக்கும் கர்ப்ப ஹார்மோன்) பார்க்க வேண்டும். லேபுக்கு லேப் எண் மாறும் என்பதால் ஒரே இடத்தில் பார்ப்பது நல்லது. மூன்று வார இடைவெளிக்குள் எடுத்த நான்கு அளவுகள் இறங்காமல் நின்றாலோ, இரண்டு வாரத்துக்குள் எடுத்த மூன்று அளவுகள் ஏறிக்கொண்டே போனாலோ, மிஞ்சிய திசு வளர்கிறது என்று பொருள்; கீமோ (புற்றுநோய்க்கான மருந்து ஊசி) தேவை. முழு முத்துப்பிள்ளையில் (குழந்தை உருவாகவே செய்யாத வகை) நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு இப்படி ஆகிறது. அந்தப் பெண் உண்டதாலோ, வேலை செய்ததாலோ வருவதல்ல இது. தயவுசெய்து அவளைக் குறை சொல்லாதீர்கள்.

எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து நோயின் ஆபத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். 6 வரை இருந்தால் குறைந்த ஆபத்துப் பிரிவு; பெரும்பாலும் ஒரே மருந்து போதும். பரவலான முறையில் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து 50 மி.கி. 1, 3, 5, 7ஆம் நாட்களில் தசையில் ஊசியாக. 2, 4, 6, 8ஆம் நாட்களில் அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலினிக் ஆசிட் 15 மி.கி. மாத்திரை. 14 நாளுக்கு ஒரு சுற்று. முடி பொதுவாகக் கொட்டாது. வாய்ப்புண், கண் எரிச்சல் வரலாம்.

கர்ப்பத்துக்கு வாங்கி மீந்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையை "சத்துக்கு" என்று சிலர் தொடர்கிறார்கள். அது வேறு, ஃபோலினிக் ஆசிட் வேறு. ஃபோலிக் ஆசிட் மெத்தோட்ரெக்சேட்டின் வேகத்தைக் குறைத்துவிடலாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதைத் தடுத்து, உடலில் நஞ்சாகத் தங்கச் செய்யும்.

எச்.சி.ஜி. 5க்குக் கீழே வந்ததும் ஊருக்குப் போய்விடுவதுதான் பெரிய தவறு. கண்ணுக்கும் லேபுக்கும் தெரியாத செல்கள் அப்போதும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் மேலும் ஆறு வாரம் ஊசி தொடர்கிறது. இந்த மருந்து கேட்காவிட்டால் ஆக்டினோமைசின் அல்லது கூட்டு மருந்துகள் இருக்கின்றன. குறைந்த ஆபத்துப் பிரிவில் ஏறக்குறைய எல்லோருமே குணமாகிறார்கள், கருப்பையை எடுக்காமலே.

கடைசி ஊசியிலிருந்து ஓராண்டு கருத்தரிக்கக் கூடாது. இடையில் கர்ப்பமானால், ஏறும் எண் குழந்தையாலா, நோயாலா என்று பிரித்தறிய முடியாது. கருத்தடை மாத்திரை சாப்பிடலாம். எண் இயல்புக்கு வரும்வரை காப்பர் டி வேண்டாம். பின்னாளில் எந்தப் பிரசவம் ஆனாலும் ஆறு வாரம் கழித்து ஒருமுறை எச்.சி.ஜி. பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்,
மதுரை