டைட்டில் ஒன் நிதி: பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். நம் பள்ளிக்கு வரும் டைட்டில் ஒன் நிதி, வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்காக 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்க மத்திய அரசு தருவது. மாநிலமும் கல்வி மாவட்டமும் எப்படியும் தர வேண்டிய பணத்தைக் குறைத்துவிட்டு இதை வைத்து ஈடுகட்டக் கூடாது. அதற்கு மேல்தான் இது சேர வேண்டும். பட்ஜெட்டில் முதலில் இதைப் பாருங்கள். பள்ளியில் 40 சதவீதம் பேராவது வறிய குடும்பத்தினர் என்றால் பள்ளி முழுமைக்கும் செலவிடலாம். இல்லையென்றால், பொதுவாகப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

அப்புறம், 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் மாவட்டம் அதில் குறைந்தது 1 சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். அதை எதற்குச் செலவிடுவது என்பதில் நம்மையும் கேட்க வேண்டும். ஆகவே பள்ளி நடத்தும் வருடாந்திர டைட்டில் ஒன் கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராதென்று தயங்க வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று பள்ளி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.