கம்ப்ரஸர் எடுக்கும் முன்: பி.எஸ்.ஐ.யைவிட சி.எஃப்.எம். முக்கியம்

அன்புள்ள துளையிடும் ரிக் உரிமையாளர்களுக்கும் ஆபரேட்டர்களுக்கும் வணக்கம்.

கம்ப்ரஸர் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "எத்தனை பி.எஸ்.ஐ. வரும்?" என்றுதான்; அது காற்றின் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற கணக்கு. முதலில் பார்க்க வேண்டியது சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது. கல்தூளை மேலே கொண்டுவருவது காற்றின் வேகம். அந்த வேகம் காற்றின் அளவால் வருகிறது. அழுத்தம், துளையின் அடியில் பாறையை உடைக்கும் ஹேமரை அடிக்க வைக்கவும் துளையில் நிற்கும் தண்ணீரைத் தள்ளவும் வேண்டும்.

ராடுக்கும் (ஹேமரைத் தாங்கும் குழாய்) துளைச் சுவருக்கும் நடுவே காற்று நிமிடத்துக்குக் குறைந்தது 3,000 அடி வேகத்தில் ஏற வேண்டும். கணக்கு எளிது. துளை விட்டத்தின் வர்க்கத்திலிருந்து ராடு விட்டத்தின் வர்க்கத்தைக் கழியுங்கள், இரண்டும் அங்குலத்தில். மீதியை 16.4ஆல் பெருக்கினால் சி.எஃப்.எம். 6½ அங்குலத் துளையில் 4½ அங்குல ராடு என்றால் சுமார் 360. அதே துளையில் 3½ அங்குல ராடு போட்டால் 490. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. அதற்கும் சேர்த்து எடுங்கள்.

பலர் விட்டுவிடுவது துளையின் மேல்பகுதியில் சுவர் சரியாமல் இறக்கியிருக்கும் கேசிங் குழாயை. அதன் உள்விட்டம் 8 அங்குலம் என்றால், 4½ ராடு இருந்தாலும் அந்த இடத்துக்கு மட்டும் 717 சி.எஃப்.எம். தேவை. கீழே நன்றாக ஏறி வந்த தூள் கேசிங்குக்குள் நுழைந்ததும் வேகம் இழந்து அங்கேயே சுழலும். ராடு சேர்க்கக் காற்றை நிறுத்தியதும் மொத்தமும் இறங்கி ஹேமரின் தலைமேல் உட்கார்ந்துவிடும். அதனால் ராடு சேர்க்கும் முன் துளையிடுவதை நிறுத்தி, வெளியே வரும் காற்றில் தூள் நிற்கும்வரை ஊதிவிடுங்கள்.

ராடு அதிகமாகச் சிக்கிக்கொள்வது ஈரக் கசிவில்தான். ஊற்று நன்றாக வந்தால் தூளை அதுவே கழுவிவிடும். லேசான கசிவுதான் தூளைக் களிமண்ணாக்கிச் சுவரில் வளையம் வளையமாக ஒட்ட வைக்கிறது. அறிகுறிகள் தெளிவானவை: புழுதி குறையும், அழுத்தம் காட்டும் கேஜ் மெல்ல ஏறும், ராடு சுற்றச் சிரமப்படும். அப்போது காற்றை நிறுத்தாதீர்கள், கீழே அழுத்தவும் வேண்டாம். சுற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுத்து, தண்ணீருடன் ஃபோம் (நுரை தரும் திரவம்) செலுத்துங்கள். 200 லிட்டர் தண்ணீருக்கு 1 முதல் 2 லிட்டர் ஃபோம் போதும். கெட்டியான நுரை நிமிடத்துக்குச் சில நூறு அடி வேகத்திலேயே தூளைத் தூக்கிவிடும். ஆனால் ஹேமருக்கு அதன் அளவுக் காற்று எப்போதும் வேண்டும்.

அழுத்தம் பேச வேண்டிய இடம் தண்ணீர் நிரம்பிய துளை. ஒவ்வொரு அடித் தண்ணீருக்கும் 0.433 பி.எஸ்.ஐ. எதிர்த்து நிற்கும். பிட்டுக்கு (ஹேமரின் நுனியில் பாறையை உடைக்கும் முனை) மேல் 300 அடி தண்ணீர் என்றால் 130 பி.எஸ்.ஐ. அதிலேயே போய்விடும்; மீதியில்தான் ஹேமர் அடிக்கும். சரியும் மண்ணை அழுத்தத்தால் சரிசெய்ய முடியாது. சேறு நிரப்பித் துளையிடும்போது அந்தச் சேறு தாங்குவதுபோலச் சுவரைத் தாங்கும் எடை காற்றுக்கு இல்லை; கெட்டிப் பாறை வரை கேசிங் இறக்குவதே வழி.

எரிவாயு வரக்கூடிய அடுக்குகளில் சாதாரணக் காற்றை ஊதவே கூடாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். அழுத்தம் ஏற ஏற அந்த மேல் வரம்பு இன்னும் விரியும். மேலே சொன்ன களிமண் வளையம் அங்கே துளையை அடைத்தால் உள்ளேயே தீப்பிடித்து ராடும் பிட்டும் உருகிப்போகும். அங்கே ஆக்சிஜன் 8 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நைட்ரஜன் வேண்டும். இயற்கை எரிவாயுவையே ஊதுவதும் உண்டு. உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் தீ பிடிக்காது, ஆனால் வெளியேறும் குழாய் ரிக்கிலிருந்து வெகுதூரம் போய், அங்கே எரிக்கப்பட வேண்டும்.

ஹோஸ் இணைப்புகளில் பாதுகாப்புச் சங்கிலி இல்லாமல் காற்றைத் திறக்க வேண்டாம். உலர்ந்த புழுதியில் சிலிக்கா இருக்கும், நுரையீரலைக் கெடுக்கும். வெளிவாயில் தண்ணீர் தெளித்து, முகமூடி அணிந்தே வேலை செய்யுங்கள்.

முன்பதிவு செய்யும்போது துளை விட்டம், ராடு விட்டம், கேசிங் உள்விட்டம், எதிர்பார்க்கும் ஆழம், தண்ணீர் மட்டம், இடத்தின் உயரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எந்த யூனிட் பொருந்தும் என்று நாங்கள் கணக்குப் போட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
கம்ப்ரஸர் வாடகைப் பிரிவு